ஸ்வீடனின் இண்டிபாப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஸ்வீடன் நாட்டின் சிறிய பாப் இசைக்குழுக்களைப் பற்றியும், அவற்றின் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றியும் ஒரு பக்க அறிமுகம் வெளியாகியிருந்தது. அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே விடையளித்திருக்கிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: ‘மேரி ஆன்டொனெட்’ திரைப்படத்தில் ஒலித்த ‘தி ரேடியோ டிபார்ட்மென்ட்’ குழுவின் பாடல்கள் வழியாகத்தான் எனக்கு இந்த இசை அறிமுகமானது. இண்டிபாப் என்று எதைச் சொல்கிறார்கள்?

உங்களைப் போலவே உலகின் பல மூலைகளில் இருந்தவர்களும் அந்தப் படத்தின் வழியாகத்தான் அக்குழுவைக் கண்டடைந்தார்கள். சோஃபியா கொப்போலா 2006இல் இயக்கிய அப்படத்தில், தென் ஸ்வீடனின் பல்கலைக்கழக நகரமான லுண்டைச் சேர்ந்த இக்குழுவின் மூன்று பாடல்கள் இடம்பெற்றன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ‘லெஸ்ஸர் மேட்டர்ஸ்’ என்னும் முதல் ஆல்பம் வெளிவந்திருந்தது. இரைச்சலும் மங்கலும் கலந்த கிதார் ஒலிக்கு அடியில் மிக மென்மையான மெட்டுகளை ஓடவிட்ட அந்த ஆல்பத்தை, புதிதாக வருபவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இண்டிபாப் என்பது முதலில், பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் சிறு லேபிள்கள் வெளியிட்ட பாப் இசையைக் குறித்தது. 1980களின் நடுவில் பிரிட்டனில் அது ஒரு குறிப்பிட்ட ஒலியின் பெயராகவும் ஆயிற்று. கணகணவென்று ஒலிக்கும் கிதார், எதற்கும் முன்னால் நிற்கும் மெட்டு, பயிற்சியால் மெருகேற்றப்படாத குரல், அன்றாட வாழ்வின் சிறிய ஏக்கங்களைப் பேசும் வரிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். 1986இல் ஒரு பிரிட்டிஷ் இசை வார இதழ் 22 குழுக்களின் பாடல்களைத் தொகுத்து ‘சி86’ என்ற பெயரில் கேசட்டாக வெளியிட்டது. அந்தப் பெயரையே பலர் அந்த ஒலிக்கும் வைத்தார்கள். மறு ஆண்டு பிரிஸ்டல் நகரில் தொடங்கிய சாரா ரெக்கார்ட்ஸ், பெரும்பாலும் 7 அங்குல சிங்கிள்களாகவே (ஓரிரு பாடல்கள் கொண்ட சிறு தட்டுகள்) வெளியிட்டு, 1995இல் தன் நூறாவது வெளியீட்டோடு தானாகவே நிறுத்திக்கொண்டது. ஸ்வீடனின் இண்டிபாப் குழுக்களை உருவாக்கியவர்களில் பலர் இந்தத் தட்டுகளை அஞ்சலில் வரவழைத்துக் கேட்ட இளைஞர்களே.

மதுரை வாசகி: மக்கள்தொகை குறைந்த ஒரு வடநாட்டிலிருந்து இவ்வளவு குழுக்கள் எப்படி வந்தன?

குளிர்காலம் நீளமானது, வீட்டுக்குள் அடைந்திருப்பவர்கள் பாட்டுக் கட்டுகிறார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதைவிட உறுதியான காரணம் அங்கே நெடுங்காலமாக இருந்துவரும் பொது ஏற்பாடுகள்தான். ஸ்வீடனில் நகராட்சிகள் நடத்தும் இசைப்பள்ளிகள் பள்ளிச் சிறுவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கருவிகளைக் கற்றுத்தருகின்றன. அதற்கு மேல் கல்விச் சங்கங்கள் இருக்கின்றன. தொழிலாளர் இயக்கத்தின் கல்விச் சங்கமான ஏ.பி.எஃப். 1912இல் தொடங்கியது. அரசு மானியம் பெறும் இத்தகைய சங்கங்களில் ஓர் இசைக்குழு தன்னை ஒரு ‘படிப்பு வட்டம்’ என்று பதிந்துகொண்டால், ஒத்திகைக்கு அறையும் பல வேளைகளில் கருவிகளுக்கு உதவியும் கிடைக்கும். பதினேழு வயதில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்க விரும்பினால், அதற்குப் பணக்காரத் தந்தையோ தலைநகரத்து முகவரியோ தேவையில்லை என்ற நிலையை இந்த ஏற்பாடு உண்டாக்கியது.

ஆகவேதான் குழுக்களின் ஊர்களைப் பட்டியலிட்டால் அது ஸ்டாக்ஹோமில் முடிந்துவிடுவதில்லை. ‘தி கார்டிகன்ஸ்’, ‘ஐ’ம் ஃப்ரம் பார்சிலோனா’ ஆகியவை யோன்ஷோப்பிங்கைச் சேர்ந்தவை. ‘பாப்சிக்கிள்’ வடக்கே பிட்டியோவையும், ‘தி வானடைஸ்’ ஷெலெஃப்தியோவையும், ‘கொமேடா’ உமியோவையும் சேர்ந்தவை. ஸ்மோலாந்து வட்டாரத்துக் காடுகளுக்கிடையே உள்ள ஹுல்ட்ஸ்ஃப்ரெட் என்னும் சிற்றூரில், உள்ளூர் இளைஞர் சங்கம் ஒன்று 1986இல் தொடங்கிய இசைவிழா நாட்டின் மிகப் பெரிய விழாக்களுள் ஒன்றாக வளர்ந்தது. சிறு குழுக்களுக்கு அங்கே மேடை கிடைத்ததால், பத்திரிகைகளும் வானொலியும் அவர்களைத் தேடி அந்த ஊருக்கே வர வேண்டியதாயிற்று.

சென்னை வாசகர்: 1990களின் ஸ்வீடிஷ் இண்டிபாப் தட்டுகளைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஸ்வீடனுக்கு வெளியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். இதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் இந்த இசைக்குச் சொந்த நாட்டில் லேபிள்கள் குறைவு. ஆனால் ஐரோப்பா முழுவதும் ஒத்த ரசனை கொண்ட சிறு லேபிள்கள் கடிதம் வழியாகவும் கேசட் வழியாகவும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. ‘ஆசிட் ஹவுஸ் கிங்ஸ்’ குழுவின் முதல் ஆல்பமான ‘பாப், லுக் அண்ட் லிசன்’ 1992இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து இயங்கிய மார்ஷ்-மேரிகோல்ட் லேபிளில் வந்தது. ‘ரெட் ஸ்லீப்பிங் பியூட்டி’ குழுவின் ‘பெட்ரூம்’ (1995), ‘சவுண்ட்ட்ராக்’ (1997) ஆகியவையும் அதே லேபிளின் வெளியீடுகள். ‘கிளப் 8’ இரட்டையரின் முதல் ஆல்பமான ‘நூவெல்’ 1996இல் மாட்ரிட்டின் சியெஸ்டா லேபிளில் வந்தது. எனவே ஸ்டாக்ஹோமில் உள்ள விற்பனையாளரிடம் கிடைக்காத தட்டு ஹாம்பர்க்கிலோ மாட்ரிட்டிலோ உள்ள ஒருவரது பெட்டியில் நல்ல நிலையில் இருக்கக்கூடும். ‘வெளியான நாடு: ஸ்வீடன்’ என்று தேடுபவருக்கு இவை கண்ணில் படவே படாது, லேபிளின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

இரண்டாவது வழி, ஆட்களைப் பின்தொடர்வது. நிக்லாஸ் ஆங்கர்கோர்ட் என்பவர் ‘ரெட் ஸ்லீப்பிங் பியூட்டி’, ‘ஆசிட் ஹவுஸ் கிங்ஸ்’ ஆகிய இரண்டிலும் இருந்தார். அவருடைய சகோதரர் யோஹான் ஆங்கர்கோர்ட் ‘ஆசிட் ஹவுஸ் கிங்ஸ்’, ‘கிளப் 8’, ‘தி லெஜெண்ட்ஸ்’ ஆகியவற்றில் பங்கேற்றதோடு, பின்னாளில் லாப்ரடார் லேபிளை நடத்துபவர்களுள் ஒருவராகவும் ஆனார். இந்த ஒரு குடும்பத்தின் கிளைகளைத் தொடர்ந்து சென்றாலே பத்தாண்டுக்கால இசையின் பெரும்பகுதி உங்கள் அலமாரிக்கு வந்து சேரும்.

மூன்றாவது வழி, ஒலிப்பதிவுக்கூடம். ‘எக்ஸ்டோன்’ குழுவினரும் தயாரிப்பாளர் டோரே யோஹான்சனும் சேர்ந்து மால்மோ நகரில் நடத்திய டாம்பரின் ஸ்டுடியோஸ், பழைய கருவிகளின் இளஞ்சூடான ஒலிக்காகப் பெயர்பெற்றது. ‘எக்ஸ்டோன் இன் சான் டியாகோ’ (1992), ‘சோமர்சால்ட்’ (1994) ஆகிய இரண்டும் ஒவ்வொரு சேகரிப்பிலும் இருக்க வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து. ‘தி கார்டிகன்ஸ்’ குழுவின் ‘எம்மர்டேல்’ (1994), ‘லைஃப்’ (1995) ஆகியவையும் இந்தக் கூடத்தில் உருவானவையே. ஜப்பானில் இந்த ஒலிக்குக் கிடைத்த வரவேற்பு மிகப் பெரிது. போனி பிங்க் போன்ற ஜப்பானியப் பாடகர்கள் டோரே யோஹான்சனோடு பணியாற்றி ஆல்பங்களை உருவாக்கினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘லைஃப்’ ஆல்பத்தின் ஸ்வீடிஷ் பதிப்பும் பிற நாடுகளுக்கான பதிப்பும் ஒன்றல்ல; பிந்தையதில் ‘எம்மர்டேல்’ ஆல்பத்தின் சில பாடல்களும் கலந்து வந்தன. அட்டையை மட்டும் பார்த்து வாங்கினால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள பாடல்களுக்கு மீண்டும் பணம் கொடுக்க நேரும். ஜப்பானியப் பதிப்புகளில் கூடுதல் பாடல்கள் இருப்பது வழக்கம் என்பதால் அவற்றின் பாடல் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

திருச்சி வாசகி: லாப்ரடார் லேபிளின் தொகுப்புப் பெட்டி ஒன்றை வாங்கினால் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய லாப்ரடார், தன் நூறாவது வெளியீட்டை முன்னிட்டு 2007இல் நான்கு சிடிக்களில் நூறு பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. ‘தி ரேடியோ டிபார்ட்மென்ட்’, ‘சம்பாசடேர்’, ‘ஐரீன்’, ‘பெல்லே கார்ல்பெர்க்’, ‘சபர்பன் கிட்ஸ் வித் பிப்லிகல் நேம்ஸ்’ ஆகியோரை ஒரே இடத்தில் கேட்கலாம். அதில் உங்களுக்குப் பிடித்த ஐந்தாறு குழுக்களைக் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றின் தனி ஆல்பங்களுக்குச் செல்லுங்கள். நான் முதலில் சொல்வது கோத்தன்பர்க் நகரத்துக் குழுவான ‘சம்பாசடேர்’. 2005, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் வந்த அவர்களுடைய மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டால், வீட்டறையில் பதிவுசெய்த மெல்லிய ஒலி படிப்படியாக வயலின்களும் பியானோவும் நிறைந்த பெரிய ஒலியாக விரிவது புலப்படும். ‘தி ரேடியோ டிபார்ட்மென்ட்’ குழுவின் பழைய ஈ.பி.க்களை (சிங்கிளைவிடப் பெரிய, முழு ஆல்பத்தைவிடச் சிறிய தட்டுகள்) ஒவ்வொன்றாகத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டாம். 2002 முதல் 2010 வரையிலான சிங்கிள்களை அவர்களே ‘பாசிவ் அக்ரெசிவ்’ என்ற இரட்டைத் தொகுப்பாக 2011இல் தந்துவிட்டார்கள்.

சிங்கப்பூர் வாசகர்: யென்ஸ் லெக்மனின் ‘நைட் ஃபால்ஸ் ஓவர் கோர்டெடாலா’ ஆல்பத்தை நான் செயலியில்தான் கேட்டுவந்தேன். ஒரு நாள் அது அங்கே இல்லை. இப்படி ஒரு முழு ஆல்பம் மறைந்துபோக முடியுமா?

முடியும், நீங்கள் சொல்லும் ஆல்பம் அதற்கு மிகத் தெளிவான சான்று. கோர்டெடாலா என்பது கோத்தன்பர்க்கின் புறநகர்ப் பகுதி. அங்கே வாழ்ந்த காலத்து அனுபவங்களிலிருந்து லெக்மன் உருவாக்கிய அந்த ஆல்பம் 2007இல் வந்தது. அதற்கு முன், 2005இல், அவருடைய ஆரம்பகால ஈ.பி.க்களைத் தொகுத்து ‘ஓ யூ’ர் சோ சைலண்ட் யென்ஸ்’ வெளியாகியிருந்தது. இந்த இரண்டையும் கேட்பவர்கள் முதலில் கவனிப்பது, பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட சிறு இசைத்துண்டுகளை அவர் தன் பாடல்களுக்குள் பதித்திருக்கும் விதத்தைத்தான். மறந்துபோன ஒரு தட்டில் சில நொடிகள் ஒலிக்கும் வயலின் வரிசையை எடுத்து, அதன்மேல் தன் கதையை அவர் பாடுவார். அவருடைய கலையின் உயிர் அதில் இருந்தது.

ஆனால் அப்படி எடுக்கப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டை அமைத்தவரின் உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவை வைத்திருப்பவரின் உரிமை மற்றொன்று. சில நூறு படிகள் விற்கும்வரை யாரும் கேட்காத கேள்விகள், பாடல் உலகெங்கும் ஒலிக்கும்போது எழுகின்றன. முதலில் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு 2022இல் கோர்டெடாலா ஆல்பமும் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு அவர் இரண்டையும் ‘தி செர்ரி ட்ரீஸ் ஆர் ஸ்டில் இன் பிளாசம்’, ‘தி லிண்டன் ட்ரீஸ் ஆர் ஸ்டில் இன் பிளாசம்’ என்ற பெயர்களில் புதிதாக வெளியிட்டார். சில பாடல்கள் புதிதாகப் பாடி இசைக்கப்பட்டன; பழைய பதிவுகளும் வெளிவராத துணுக்குகளும் சேர்க்கப்பட்டன. முதிர்ந்த குரலில் தன் இளமைக்காலப் பாடல்களுக்குத் திரும்பிச் சென்றிருக்கும் அவருடைய முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவை வேறு பதிவுகள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2007ஆம் ஆண்டின் பதிவை அன்று சிடியாகவோ வினைலாகவோ வாங்கியவர்களிடம் அது இன்றும் அப்படியே இருக்கிறது. மாதச் சந்தா கட்டிக் கேட்பவரிடம் இருப்பது கேட்பதற்கான அனுமதி மட்டுமே. அது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம். பழைய தட்டுகளைச் சேர்ப்பதை வெறும் ஏக்கம் என்று எண்ணுபவர்களுக்கு நான் எப்போதும் இந்த ஆல்பத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஒரு காலத்தின் இசை அது உருவான வடிவிலேயே நிலைத்திருக்க வேண்டுமானால், யாரோ சிலருடைய வீடுகளில் அதன் படிகள் கவனமாகப் பேணப்பட்டிருக்க வேண்டும். சேகரிப்பவர் செய்வது அந்தப் பணியைத்தான்.

இதே கோத்தன்பர்க்கில் அக்காலத்தில் இயங்கிய இரண்டு லேபிள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். லெக்மனின் ஆல்பங்களை ஸ்வீடனில் வெளியிட்டது சர்வீஸ் லேபிள். ‘தி எம்பசி’ குழுவும் அதில்தான் இருந்தது, அவர்களுடைய ‘டாக்கிங்’ (2005) தவறவிடக் கூடாதது. ‘தி டஃப் அலையன்ஸ்’ இரட்டையர் தாமே தொடங்கிய சின்சியர்லி யுவர்ஸ் லேபிளில் ‘ஏர் ஃபிரான்ஸ்’ குழுவின் ‘நோ வே டவுன்’ 2008இல் வந்தது. அக்குழு முழு ஆல்பம் ஒன்றையும் வெளியிடாமல் 2012இல் கலைந்தது. ஆகையால் அவர்களுடைய ஈ.பி.க்கள் ஒவ்வொன்றும் அரிய பொருளாகிவிட்டன.

யாழ்ப்பாண வாசகர்: பழைய தட்டை நேரில் பார்க்காமல் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விற்பனையாளர்கள் பயன்படுத்தும் தரக்குறியீடுகளை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ‘மிண்ட்’ என்றால் பிரிக்கப்படாத புதிய தட்டு. ‘நியர் மிண்ட்’ என்றால் ஏறக்குறையப் புதியது. ‘விஜி பிளஸ்’ என்றால் மெல்லிய கீறல்கள் இருந்தாலும் கேட்பதற்கு இடையூறு இல்லாதது. அதற்குக் கீழே ‘விஜி’ என்றால் மென்மையான பகுதிகளில் இரைச்சல் கேட்கும். ‘குட்’ என்று போட்டிருந்தால் அது நல்ல தட்டு என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் குறியீட்டில் அது தேய்ந்த தட்டைக் குறிக்கும். இண்டிபாப்பில் மென்மையான பகுதிகள் மிகுதி என்பதால், ‘விஜி பிளஸ்’ஸுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் கேளுங்கள். உள்ளே வர வேண்டிய வரித்தாளும் அஞ்சலட்டையும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். சிறு லேபிள்கள் அவற்றைக் கையால் மடித்து வைத்தவை, ஆகவே எளிதில் தொலைந்துபோகின்றன.

முதல் பதிப்பா மறுபதிப்பா என்பதை அறிய, வினைல் தட்டில் கடைசிப் பாடலுக்கும் நடுவிலுள்ள காகித வட்டத்துக்கும் இடைப்பட்ட வெற்று வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை டிஸ்காக்ஸ் தரவுத்தளத்தில் உள்ள பதிவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

2000களின் தட்டுகளைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வையுங்கள். அக்காலம் சிடியின் காலம். பல ஸ்வீடிஷ் ஆல்பங்கள் முதலில் சிடியாக மட்டுமே வந்தன. வினைல் பதிப்பு இருந்தால் அது பிற்காலத்தில் அச்சிடப்பட்டதாக இருக்கலாம். எனவே உண்மையான முதல் பதிப்பு உங்களுக்கு மிகக் குறைந்த விலையில் சிடியாகவே கிடைக்கும். இன்று வினைலுக்கு உள்ள மோகத்தில் சிடியைப் பலர் கைவிடுவது சேகரிப்பாளருக்கு நல்வாய்ப்பு. தொழிற்சாலையில் அச்சான சிடிக்கும் வீட்டுக் கணினியில் எரித்த சிடி-ஆருக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். பின்னதன் அடிப்பக்கம் பெரும்பாலும் இளம்பச்சை அல்லது நீலச் சாயல் கொண்டிருக்கும். சில குழுக்களின் முதல் வெளியீடுகளே சி.டி-ஆராக வந்தவை என்பதால் அது போலி என்று பொருளல்ல. ஆனால் அதன் சாயப்பூச்சு காலப்போக்கில் சிதையும். கைக்கு வந்த அன்றே கணினியில் படியெடுத்துவிடுங்கள்.

ஸ்வீடனில் மேற்படிப்புப் படிக்கும் தமிழ் மாணவி: நான் இருக்கும் நாட்டிலேயே தேடுவதென்றால் எங்கே செல்லலாம்?

உங்கள் வாய்ப்பைப் பார்த்து மகிழ்கிறேன். ஸ்டாக்ஹோமின் சோடர்மால்ம் பகுதியில், ஸ்கோனெகாட்டான் தெருவில் உள்ள பெட் சவுண்ட்ஸ் 1979இல் தொடங்கிய கடை. கோத்தன்பர்க்கில் ஸ்டிக்பெரிஸ் சதுக்கத்தில், முன்பு திரையரங்கமாக இருந்த கட்டடத்தில் பெங்கான்ஸ் இயங்குகிறது. இவற்றில் புதியவற்றைப் பற்றி ஊழியர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்கள் எந்தச் செயலியும் தராதவை. பழைய சிடிக்களுக்கு, சால்வேஷன் ஆர்மி நடத்தும் மீரோர்னா போன்ற பழம்பொருள் கடைகளில் பொறுமையாகத் தேட வேண்டும். வீட்டைக் காலிசெய்பவர்கள் கொடுத்துவிட்டுப்போன பெட்டிகளில் 1990களின் சிங்கிள்கள் இருப்பது இயல்பு. ட்ராடேரா என்னும் ஸ்வீடிஷ் ஏலத் தளமும் உண்டு. அதில் பலர் உள்நாட்டுக்கு மட்டுமே அனுப்புவதால், அங்கே முகவரி உள்ள உங்களுக்கு அது பெரிய அனுகூலம்.

ஒரு வெளியீட்டின் ஆண்டிலோ லேபிளிலோ ஐயம் வந்தால், ஸ்வீடிஷ் தேசிய நூலகத்தின் ஒலி-ஒளிப் பட்டியலைப் பாருங்கள். 1979 முதல் அந்நாட்டில் வெளியாகும் ஒலிப்பதிவுகளின் படிகளைச் சட்டப்படி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், சிறு லேபிள்களின் தட்டுகள்கூட அதில் பதிவாகியிருக்கின்றன. விற்பனையாளரின் சொல்லைவிட அதை நம்பலாம்.

சேலம் வாசகர்: பழையவற்றைச் சொல்கிறீர்கள். புதிய இண்டிபாப் வெளியீடுகளைக் கண்டறிவது எப்படி? செயலி திரும்பத் திரும்ப ஒரே குழுக்களையே காட்டுகிறது.

செயலி அப்படித்தான் செய்யும். ஏற்கெனவே பலர் கேட்டவற்றின் அடிப்படையில் அது பரிந்துரைக்கிறது. நேற்று தன் முதல் சிங்கிளை வெளியிட்ட மால்மோ குழுவைக் கேட்டவர்கள் சில நூறு பேரே என்னும்போது, அக்குழு உங்கள் திரையில் வருவதற்கு வழியில்லை. ஆகவே குழுவைத் தேடாமல் லேபிளைப் பின்தொடருங்கள். ஒரு சிறு லேபிளை நடத்துபவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தட்டு அச்சிடுகிறார்; அவர் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால் அந்த இசையை அவர் எத்தனையோ முறை கேட்டு நம்பியிருக்கிறார் என்று பொருள். அந்தத் தேர்வுக்கு நான் கொடுக்கும் மதிப்பை வேறெந்தப் பரிந்துரைக்கும் கொடுப்பதில்லை.

ஸ்வீடனில் இப்போது கவனிக்க வேண்டியவை ஸ்டாக்ஹோமின் ராமா லாமா, பி.என்.கே.எஸ்.எல்.எம்., கோத்தன்பர்க்கின் லக்ஷுரி, மால்மோவின் ஏட்ரியன் ரெக்கார்டிங்ஸ் ஆகியவை. லக்ஷுரி வழியாக வந்த ‘மக்த்ஹாவெர்ஸ்கான்’ குழுவின் இரண்டாவது ஆல்பம் (2013) கடந்த பதினைந்து ஆண்டுகளின் மிகச் சிறந்த ஸ்வீடிஷ் கிதார் ஆல்பங்களுள் ஒன்று. பாடகி மாயா மில்னரின் குரலில் உள்ள கோபமும் ஆற்றாமையும் மென்மையான இண்டிபாப்பையே எதிர்பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். அவர்கள் 2021இல் ‘ஃபோர் ஆல்டிங்’ ஆல்பத்துடன் திரும்பினார்கள். மால்மோவின் ‘ஹேட்டர்’ குழுவின் ‘சியெஸ்டா’ (2018), ‘சின்சியர்’ (2022) இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். பழைய இனிமையான பாணியை விரும்பினால் ‘அல்பாகா ஸ்போர்ட்ஸ்’ இருக்கிறது. அவர்களுடைய தட்டுகளை மாட்ரிட்டின் எலிஃபன்ட் லேபிளும் வெளியிட்டிருப்பது, ஸ்பெயினுக்கும் ஸ்வீடனுக்கும் இடையே 1990களில் உருவான அந்தப் பிணைப்பு இன்னும் அறுபடவில்லை என்பதைக் காட்டுகிறது. ‘தி ரேடியோ டிபார்ட்மென்ட்’ இப்போது ‘ஜஸ்ட் சோ!’ என்னும் தங்கள் சொந்த லேபிளில் பாடல்களை வெளியிடுகிறார்கள்.

ஸ்வீடனுக்கு வெளியே, அமெரிக்காவின் ஸ்லம்பர்லாண்ட் 1989 முதல் இயங்கிவருகிறது. சாரா ரெக்கார்ட்ஸ் காலத்து ‘ஹெவன்லி’ குழுவைச் சேர்ந்த அமீலியா ஃபிளெட்சரும் ராப் பர்சியும் நடத்தும் ஸ்கெப் வாக்ஸ், பழையவற்றை மறுவெளியீடு செய்வதோடு புதிய குழுக்களையும் அறிமுகப்படுத்துகிறது. பழையதும் புதியதும் ஒரே இடத்தில் கிடைப்பதால் புதியவர்களுக்கு இது நல்ல வாசல்.

2015 முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. ஆகவே வெள்ளி மாலையோ சனிக்கிழமை காலையோ ஒரு மணி நேரம் ஒதுக்கி, நீங்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பன்னிரண்டு லேபிள்களுக்கு பேண்ட்கேம்ப்பில் (குழுக்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் இணையதளம்) உள்ள பக்கங்களைப் பாருங்கள். பிடித்த ஒரு தட்டின் உறையில் ‘நன்றி’ என்ற தலைப்பில் உள்ள பெயர்களையும், ஒலிக்கலவை செய்தவரின் பெயரையும் படியுங்கள்; அடுத்து கேட்க வேண்டிய குழுவின் பெயர் பல வேளைகளில் அங்கேயே இருக்கும். ஒரு பாடல் பிடித்தால் உடனே முடிவுகட்டாமல், அடுத்த வாரமும் அது நினைவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தாமதிக்க வேண்டாம். இத்தகைய தட்டுகள் சில நூறு படிகளே அச்சாகின்றன. தீர்ந்தபின் அதே தட்டை இரண்டாம் கையில் வாங்கினால் விலை பன்மடங்காகும், அந்தப் பணமும் குழுவைச் சென்று சேராது.

தஞ்சாவூர் வாசகி: நான் கொடுக்கும் பணம் உண்மையிலேயே கலைஞருக்குப் போகிறதா?

பேண்ட்கேம்பில் பொதுவாக டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காட்டையும், தட்டு முதலிய பொருள்களில் 10 விழுக்காட்டையும் தளம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி குழுவுக்கோ லேபிளுக்கோ சேரும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில், தளம் தன் பங்கை ஒரு நாள் முழுவதும் விட்டுக்கொடுக்கும் ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ தொடங்கியது. அத்தகைய நாள் அறிவிக்கப்பட்டிருந்தால் அதுவரை காத்திருந்து வாங்குங்கள். ஸ்வீடனிலிருந்து ஒரே ஒரு 7 அங்குலத் தட்டை வரவழைத்தால் அஞ்சல் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடக்கூடும், இங்கே சுங்கவரியும் சேரலாம். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரே லேபிளிடம் மொத்தமாக வாங்குவது நல்லது. அதுவும் இயலாதவர்கள் டிஜிட்டல் கோப்பை வாங்கித் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பு உங்களுடையது.

நாகப்பட்டினம் வாசகர்: கடலோரத்தில் வசிக்கிறேன். தட்டுகளும் உறைகளும் கெட்டுப்போகாமல் காப்பது எப்படி?

உங்கள் ஊரில் வெப்பத்தைவிட ஈரப்பதத்துக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். வெப்பத்தில் வினைல் வளையும். அதைச் செங்குத்தாக, நெருக்கமாக ஆனால் இறுக்காமல் அடுக்கி, வெயில் படாத உட்சுவரின் அருகே வைத்தால் தவிர்த்துவிடலாம். ஈரப்பதமோ காகித உறையில் பூஞ்சையாகவும் பழுப்புப் புள்ளிகளாகவும் இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுத்துக் காற்றாட வைத்துத் திரும்ப அடுக்குங்கள். உள்ளுறைகளுக்குப் பாலித்தீன் பூசியவற்றைப் பயன்படுத்துங்கள். பழைய 7 அங்குலத் தட்டுகள் பல, கனமான பி.வி.சி. பையில் வந்திருக்கும், அந்தப் பை காலப்போக்கில் ஒருவித எண்ணெய்ப்பசையைக் கசியவிட்டுத் தட்டின் மேல் மங்கலான படலத்தை உண்டாக்கும், அதைத் துடைத்து நீக்குவது அரிது. தட்டு கைக்கு வந்தவுடனேயே அதிலிருந்து எடுத்து வேறு உறைக்கு மாற்றிவிட்டு, அந்தப் பையைத் தனியாக வைத்துவிடுங்கள்.